பெருச்சாளிக்குப் போதுமான காற்று

அந்தப் பெருச்சாளி எங்கள் வீட்டில் முதலில் அறிமுகமானது அப்பாவின் வலது காலுக்குத்தான். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கண்ணெல்லாம் மேலே பட்டிலும் ஜரிகையிலும் இருக்கும். கீழே குழிக்குள் மிதிகட்டைகளோடு கால்கள் இருட்டில் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் ஏதோ ஒன்று, கனமாக, மயிரோடு, அவசரமே இல்லாமல் அவர் பாதத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. பாம்பு என்று நினைத்து அப்பா துள்ளிய துள்ளலில் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவில் நாற்பது ஐம்பது இழைகள் அறுந்துபோயின. பாம்புக்கு மயிர் கிடையாது என்று அம்மா சொன்னது அவருக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆரணியில் ஆற்றை ஒட்டிய தெருவின் கடைசி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு முன்பு அங்கே இருந்தவர்கள் கேழ்வரகு வியாபாரம் செய்தவர்கள். பெரிய வீடு, பின்னால் தோட்டம், தறி போட வசதியான நீளமான கூடம். இத்தனைக்கும் வாடகை ஏன் அவ்வளவு குறைவு என்று அப்பாவுக்கு ஒரே வியப்பாக இருந்தது. பெருச்சாளி வந்துபோன பிறகு அந்த வியப்பு தீர்ந்தது.

பட்டுப் பாவுக்குக் கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்றுவார்கள். அந்தக் கஞ்சியின் ருசி பெருச்சாளிக்குத் தெரிந்துவிட்டது. அப்பா குழியின் பொந்தைக் கண்ணாடித் துண்டும் மண்ணும் வைத்து அடைத்தார். மறுநாள் அதற்கு ஒரு முழம் தள்ளிப் புதிய பொந்து இருந்தது. விஷம் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை, நான் எதையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளை என்று அவளுக்கு ஒரு எண்ணம். கடைசியில் அப்பா ஒரு பானையில் உமியையும் காய்ந்த மிளகாயையும் போட்டுக் கொளுத்தி, அதன் வாயைப் பொந்தோடு பொருத்தி, முறத்தால் விசிறினார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் தெருவில் நின்று இருமிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரர்களும் வெளியே வந்து இருமினார்கள். தறியில் இருந்த சேலைக்குக்கூட மிளகாய் நெடி ஏறிவிட்டது.

பெருச்சாளி மட்டும் இருமவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அது வழக்கம்போல வந்தது.

எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். நாங்கள் அத்தனை பேரும் மூச்சு விட முடியாமல் தெருவுக்கு ஓடிவந்த புகையை அது மண்ணுக்குள்ளேயே இருந்து தாங்கியிருக்கிறது. அப்படியென்றால் அதற்கு மூச்சே தேவையில்லையோ என்று யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "அதுக்கு நம்மள மாரி வேல வெட்டியா, ஓட்டமா? மெதுவா மூச்சு வுட்டுகினு கெடக்கும்" என்றாள். பேச்சை முடிப்பதற்காக அவள் சொன்ன அந்தப் பதில் பாதிக்கு மேல் சரி என்று பின்னால் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவருக்கு வேலை வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைப்பது. ஒரு பாவு முடியும்போது அதன் வால் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. மாமாவின் விரல்கள் அதைச் செய்யும்போது பார்த்தால் உப்பைக் கிள்ளிப் போடுவது போல இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, சொந்தமாக வீடும் இல்லை. எங்கே போனாலும் அவர் பின்னால் ஒரு நாய் போகும். குட்டைக் கால், செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். தெருமுனையில் ஒருவரை விடாமல் விசாரிப்பது போல முகர்ந்து பார்ப்பதால் அதற்குச் சிப்பாய் என்று பெயர் வைத்திருந்தார். மாமா ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பிணைக்கிற நேரமெல்லாம் சிப்பாய் வாசலில் படுத்திருக்கும். அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தேடி வருகிறவர்கள் நாயைத்தான் தேடுவார்கள்.

பெருச்சாளிக் கதையைக் கேட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா மாமா நீங்க, ஒரு எலிக்குப் போயி இத்தினி பேஜாரா? சிப்பாய வுட்டா ஒரே நாள்ல முடிச்சிடுவான்."

அப்பா தறியில் போய் உட்கார்ந்தார். மைத்துனர் சிரிக்கும்போது அவர் பேசுவதில்லை.

பெருச்சாளியைப் பிடிக்க மாமா நாயோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா நெய்து முடித்த சேலையைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா முன்கூடத்தில் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ராட்டை சுற்றினால் பக்கத்தில் கூப்பிட்டால்கூடக் கேட்காது. மழைக்காலம் முடிந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்ததால் தோட்டத்து மண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

சிப்பாய் தறிக்குழியில் மூக்கை வைத்தது. அடுத்த நிமிடம் கூடத்தைத் தாண்டித் தோட்டத்துக்கு ஓடியது. நானும் மாமாவும் பின்னால் ஓடினோம். துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம் தரையோடு தரையாக ஒரு பலகைக் கல் கிடந்தது. அதன் ஒரு மூலை உடைந்திருக்கும். பெருச்சாளி அந்த மூலையில் நுழைந்து மறைவதை நான் கண்ணால் பார்த்தேன். பூனை அளவு இருந்தது. சிப்பாய் அந்த மூலையைத் தோண்ட ஆரம்பித்தது. மண் வாரி வாரிப் பின்னால் விழுந்தது. மாமா கைதட்டி, "அப்படித்தான்டா ராசா, ஜல்தி ஜல்தி!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். திடீரென்று மண் சரிந்தது. சிப்பாயின் பின்னங்கால்கள் மேலே ஒரு முறை உதைத்தன. பிறகு நாய் இல்லை.

கீழே இருந்து குரைப்பு கேட்டது. பானைக்குள்ளிருந்து கேட்பது போல. நாலைந்து குரைப்பு, பிறகு ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை.

அது பழைய கேழ்வரகுக் குழி. பூமிக்குள் ஜாடி மாதிரி வெட்டி, வைக்கோல் பரப்பி, வருஷக்கணக்கில் கேழ்வரகு போட்டு மூடி வைப்பார்களாம். எங்களுக்கு அது தெரியாது. நெசவுக்காரர்கள் நாங்கள், அரிசியையே வாரத்துக்கு ஒரு முறை வாங்குகிறவர்கள்.

மாமா கடப்பாரையைக் கொண்டுவந்து கல்லை நெம்பினார். அவர் நெம்பிக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். ஏழெட்டு அடி தள்ளி, முருங்கை மரத்தடியில், ஒரு பொந்திலிருந்து பெருச்சாளி வெளியே வந்தது. மீசையை ஆட்டிக் காற்றை முகர்ந்தது. பிறகு சாவகாசமாக வேலியோரம் நடந்து போயிற்று.

கல் நகர்ந்ததும் புளித்த மாவு போல ஒரு வாடை வந்தது. மாமா டார்ச் லைட்டை அடித்தார். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அடியில் கறுத்துப்போன வைக்கோல் மேல் சிப்பாய் ஒருக்களித்துக் கிடந்தது.

மாமா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கலாமா என்று யோசித்தாரோ, ஏணியை எங்கே பார்த்தோம் என்று யோசித்தாரோ தெரியாது. எனக்கு அவர் தயங்குவது போலப் பட்டது. நான் அப்போது வகுப்பில் சாமர்த்தியக்காரி என்று பெயர் எடுத்தவள்.

"மாமா, பெருச்சாளி உள்ள போயிட்டு உயிரோட வெளிய வந்துட்சி. நான் பார்த்தேன். அதுக்கு ஒண்ணும் ஆவல. அப்போ உள்ள ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

அவர் ஏணியை எடுத்து வந்து குழிக்குள் இறக்கினார். டார்ச்சை என் கையில் கொடுத்து, "நேரா கீழ அடி கண்ணு" என்று சொல்லி இறங்கினார்.

நான் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு வெளிச்சம் காட்டினேன். மாமா அடியில் இறங்கிக் குனிந்தார். நாயின் வயிற்றில் கை வைத்தார். "இன்னும் மூச்சு கீது கண்ணு!" என்று மேலே பார்த்துச் சொன்னார். எனக்கும் தெரிந்தது. சிப்பாயின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. அதை வாரி இடது கையில் இடுக்கிக்கொண்டு எழுந்தபோதே அவர் தள்ளாடினார். ஏணியில் ஒரு படி, இரண்டு படி, மூன்று படி ஏறினார். அங்கே நின்றுவிட்டார்.

அவர் முகம் மேலே திரும்பி இருந்தது. டார்ச் வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டும் அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. முகமெல்லாம் வேர்வை. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு இடது கையை விரித்தார். நாய் விழுந்தது. வைக்கோலில் விழுந்ததால் பெரிதாகச் சத்தம் இல்லை. மாமா இரண்டு கையாலும் படியைப் பிடித்து ஏறினார்.

மேலே வந்து கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப இறங்குவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் தலை தரை மட்டத்துக்கு வந்தபோது கைகள் நழுவின. நான் டார்ச்சை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அலறினேன். ராட்டைச் சத்தத்தையும் மீறி அது அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சந்தவாசல் அக்காவும் ஓடிவந்தாள். கல்யாணமாகிச் சந்தவாசலில் இருந்து வந்தவள் என்பதால் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். இரண்டு பேரும் மாமாவின் கைகளைப் பிடித்து இழுத்து மண்ணில் போட்டார்கள். உதடு நீலமாக இருந்தது. சந்தவாசல் அக்கா அவர் சட்டையைக் கிழித்து, குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்து, முந்தானையால் விசிறிக்கொண்டே திட்டினாள்.

"கேவுரு குழிய தொறந்த ஒடனே எறங்குவானா ஒரு மனுசன்? ஒரு நாளு பூரா தொறந்து போடணும், வெளக்க வுட்டுப் பாக்கணும். எங்க ஊர்ல கொழந்தைக்குக்கூட தெரியும். கெட்ட காத்து யா, ஆளையே முழுங்கிடும்!"

மாமா வாந்தி எடுத்தார். பிறகு மூச்சு இழுத்தார். அந்த மூச்சின் சத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, துணி கிழிவது போல.

சந்தவாசல் அக்கா ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கிக் காட்டினாள். பாதி ஆழம் போவதற்குள் சுடர் சுருங்கி அணைந்தது. அம்மா என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

அப்பா வந்து விசாரித்தபோது மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நான் எறங்கறப்பவே அது செத்துப்போயிருந்திச்சி மாமா" என்றார். அப்பா தலையை ஆட்டினார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, விளக்கு அணையாமல் அடி வரைக்கும் போன பிறகு, சந்தவாசல் அக்காவின் புருஷன் இறங்கிச் சிப்பாயை எடுத்துவந்தார். ஆற்றங்கரையில் புதைத்தார்கள். மாமா அதற்கு வரவில்லை.

குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள். பெருச்சாளி வேறு பக்கமாகத் தறிக்குழிக்கு வழி கண்டுபிடித்தது. சில நாட்கள் நான் தறியின் கீழே எட்டிப் பார்த்து அதனிடம் கேட்டிருக்கிறேன், நீ எப்படிச் சாகாமல் வந்தாய் என்று. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அந்தக் குழியின் ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மாமா தயங்கி நின்றபோது 'உள்ள ஒண்ணும் இல்ல' என்று சொல்லி இறக்கிவிட்டவள் நான். நாய் செத்தது என்னால். மாமா சாகப் பார்த்ததும் என்னால்.

மாமாவுக்கும் அது தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஏனென்றால் அவர் மாறிவிட்டார். வந்தால் பொரி உருண்டை வாங்கி வருகிறவர் வெறுங்கையோடு வந்தார். என்னை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மார்க்கெட் பக்கம் கூட்டிப்போகிறவர் என்னைப் பார்த்தால் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். ஆனாலும் என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நாய்க்கு மூச்சு இருந்தது என்று சொன்னால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்றுதானே முன்பே செத்துவிட்டது என்று சொன்னார்? எனக்காகச் சொன்ன பொய் அது என்று நம்பினேன். அந்த நன்றியும் பயமும் சேர்ந்து அவர் வந்தால் நான் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அவர் வேலையும் மாறியது. பாவு பிணைக்கப் போகும் வீடுகளில் எல்லாம், "இன்னாயா, சிப்பாய் எங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர் அதே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு மாதம் சொன்னார். பிறகு பட்டு முறுக்கும் ஷெட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே மிஷின் சத்தத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. மாதச் சம்பளம் வருகிறது, கல்யாணம் பண்ணலாம் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

எண்பதுகளின் நடுவில் வேலூரில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பாடத்தை விட்டு நூலகத்தில் கண்டதையும் புரட்டுவது எனக்கு வழக்கம். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிராணிகளைப் பற்றிய ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். வளைக்குள் இருக்கும் காற்று அந்தப் பிராணி தானே விட்ட மூச்சால் கெட்டுப்போயிருக்கும். மழை பெய்து மண்ணின் துளைகளில் நீர் நிறைந்தால் இன்னும் மோசம். அந்தக் காற்றில் நாமாக இருந்தால் உடம்பு பதறி வேகவேகமாக மூச்சு வாங்கும். வளையில் வாழ்கிறவை பதறுவதில்லை. அவற்றின் ரத்தம் கொஞ்சமாக இருக்கிற பிராணவாயுவையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உடம்பின் வேலைகளைத் தணித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடும். வளையும் சும்மா தோண்டியது இல்லை. மேடும் பள்ளமுமாகப் பல வாசல் வைத்திருக்கும், ஒன்றில் நுழைகிற காற்று இன்னொன்றில் வெளியேறும். ஆபத்து வந்தால் உள்ளேயே மண்ணைத் தள்ளி வழியை அடைத்துக்கொள்ளும். எங்கள் மிளகாய்ப் புகையை அது அப்படித்தான் தடுத்திருக்க வேண்டும். கேழ்வரகுக் குழியின் அடிக்கு அது போயிருக்கவே வேண்டியதில்லை. கல்லுக்கு அடியில் ஓரமாகத் தன் வழியில் ஓடி முருங்கை மரத்தடியில் ஏறியிருக்கும். குழியின் அடியில் அழுகிய தானியம் விட்ட கனத்த காற்று ஈர மண்ணுக்குள் வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கிடந்திருக்கிறது.

பெருச்சாளி உயிரோடு வந்ததற்கும் மனிதன் இறங்கலாமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்பது வயதில் நான் சொன்னது தப்பு, ஆனால் தெரியாமல் சொன்ன தப்பு. இதை மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

ஷெட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. தலையில் பட்டுத் தூசு. எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வளையின் வாசல்கள், ரத்தம், மெதுவான மூச்சு எல்லாம். கடைசியில், "அன்னிக்கு நான்தான் மாமா உள்ள ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்" என்றேன்.

மாமா என்னை வியப்பாகப் பார்த்தார்.

"நீ அப்படி சொன்னியா? எனக்கு நெனப்பே இல்லியே கண்ணு. நான் ஏணி எங்க கீதுன்னு யோசிச்சிகினு இருந்தேன். நீ இன்னா சொன்னாலும் எறங்கித்தான் இருப்பேன்."

பத்து வருஷமாக நான் சுமந்த ஒன்றை அவர் இவ்வளவு சுலபமாக இறக்கி வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் சிரிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நாய்க்கு அந்த மாரி ரத்தம் கெடையாதில்ல?"

"கெடையாது மாமா."

"மூச்சு இருக்கிற நாயி அந்தக் காத்துல எத்தினி நேரம் தாங்கும்?"

அப்போதுதான் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. படித்தவள் என்பதால் பதில் என்னிடம் இருக்கும் என்று நம்பிக் கேட்கிறார். ஷெட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க எறங்கறதுக்கு முன்னாடியே செத்துப் போயிருக்கும் மாமா" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார்.

"நீதானே கண்ணு லைட்டு புடிச்சிகினு இருந்த" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போனார்.

நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சிப்பாயின் வயிறு அசைந்ததைப் பார்த்தேன். அவர் கை விரிந்ததைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்த அந்தப் பெண், மாமா தன் மேல் கோபமாக இருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டு சமையல்கட்டில் ஒளிந்தாள். அவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கப் பயந்தது அந்த ஒன்பது வயதுக் கண்களைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.